ஐந்தாம் வெயில்

“கிழங்கா... கவளை... காணாங்கெளுத்தே...” என்று தெருமுனையில் குரல் எழும்பியதும், முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்த அக்கா அதைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு எழுந்தார். நேரம் நாலரை. புதுச்சேரி முத்தியால்பேட்டையின் இந்தச் சந்தில் கத்திரி வெயில் எதிர்ச்சுவரைவிட்டு இன்னும் இறங்கவில்லை.

நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். இந்த வீட்டு மாடியில் குடிவந்து ஒன்பது வருடமாகிறது. படி வீட்டுக்குள்ளிருந்தே ஏறுகிறது. நடுப்படியில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் திண்ணையும் தெருவும், இன்னொரு பக்கம் தாழ்வாரமும் அதைத் தாண்டி அடுப்படியும் தெரியும். முதல் கோடையில் காற்றுக்காக வந்து உட்கார்ந்தேன். அப்புறம் அதுவே என் இடம் என்று ஆகிவிட்டது. படியைப் பெருக்கும்போதுகூட அக்கா என்னை எழச் சொல்வதில்லை; காலைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போய்விடுவார். நானும் பேச்சுக் கொடுப்பதில்லை. இந்த வீட்டில் பேச்சு குறைவு. அதற்குக் காரணம் உண்டு, பிறகு வருகிறேன்.

மீன்காரம்மா அன்னக்கூடையை இறக்க அக்கா ஒரு கை கொடுத்தார். அலுமினியக் கூடை தரையைத் தொட்டதும் உள்ளே ஐஸ் தண்ணீர் சளக்கென்றது. ஈரச் சாக்கை விலக்கினால் மேலாகக் கவளை, ஓரத்தில் நாலு காணாங்கெளுத்தி, அடியில் கிழங்கா. கிழங்கா பகட்டில்லாத மீன். வஞ்சிரத்தின் உடம்பு கிடையாது, சங்கராவின் நிறம் கிடையாது. விரல் மொத்தத்துக்கு, ஒரு சாண் நீளத்தில், கூர்மூக்கோடு கிடக்கும். கரையோர மணலடியில் மேய்கிற மீன்; மணலின் நிறமேதான் அதற்கும்.

“கூறு எவ்ளோ?”

“முந்நூறு தாயி.”

“தைக்கு நூத்தம்பதுக்குத்தானே போட்டே?”

“தைக்குப் போட்டு ஓடிச்சு. இப்ப ஓடுதா?”

அதற்கு அக்காவிடம் பதில் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இந்தக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிட்டுப் பெருக விடுகிற காலம். 2017க்கு முன்னால் 45 நாளாக இருந்தது. அப்போது மே மாதக் கடைசியோடு முடிந்துவிடும். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் போட்டெல்லாம் கட்டிக் கிடக்க, சின்ன ஃபைபர் படகுகள்தான் விடியுமுன் போய்க் கிட்டத்துக் கடலில் வலை போட்டு வருகின்றன. வைத்திக்குப்பம் போன்ற குப்பங்களின் கரையேறும் அந்தக் கொஞ்ச மீனைத்தான் ஊரே பங்கு போட்டுக்கொள்கிறது. அரபிக்கடல் பக்கம் இருக்கிற நம் மாஹேயில் இதே தடை ஜூன் 1இல் தொடங்கி ஜூலை 31இல் முடியும். ஒரே ஆட்சிப்பகுதி, இரண்டு கடல், இரண்டு கணக்கு.

எனக்கு இந்த இரண்டு மாதம் பிடிக்கும். பெரிய மீன் காணாமல் போகும், விலை ஏறும், எல்லாம் உண்மைதான். ஆனால் தெருவுக்கு வருவது பெரும்பாலும் அன்றன்றைக்குப் பிடித்த மீன். நாலு நாள் கடலில் கிடந்து ஐஸில் வெளுத்த மீன் குறைவு.

அக்கா குந்தி உட்கார்ந்தார். ஒரு கிழங்காவை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் செவுளைத் தூக்கினார். உள்ளே மாதுளை முத்துச் சிவப்பு. வயிற்றை அழுத்தினார், விரலை எடுத்ததும் குழி தானாக மேலெழுந்தது. கண்ணைப் பார்த்தார். பிறகு அதே மாதிரி இன்னொன்று, இன்னொன்று. ஒரு கூற்றில் இருந்த பன்னிரண்டையும் பார்த்தார். மீன்காரம்மா கோபித்துக்கொள்ளவில்லை, வெற்றிலையை மென்றுகொண்டு காத்திருந்தார். பார்த்து வாங்குகிறவர்களுக்குத்தான் தன் மீனின் அருமை தெரியும் என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இருநூற்றைம்பதுக்கு முடிந்தது. கொசுறாக ஒரு கைப்பிடி கவளை.

வீட்டுக்குப் பின்னால் கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அருவாமனை போடப்பட்டது. எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் இரண்டு பூனைகள் மதிலில் உட்கார்ந்துவிட்டன. கவளை அவற்றின் பங்கு, அவற்றுக்கும் அது தெரியும். அக்கா அருவாமனைக் கட்டையை வலது காலால் அழுத்திக்கொண்டு, மீனை வாலிலிருந்து தலைப்பக்கமாக அலகின் முனையில் இழுத்தார். கிழங்காவின் செதில் பொடியானது, கண்ணாடித்தூள் மாதிரி முழங்கைவரை ஒட்டிக்கொள்கிறது. பிறகு துடுப்பு. பிறகு செவுளுக்குக் கீழே ஒரு கீறல், சுட்டுவிரலை உள்ளே விட்டு ஒரு சுழற்று. குடல் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. தலையை வெட்டி எறியவில்லை. தலையில்லாத மீன் குழம்பில் ருசியில்லை என்பது இந்த வீட்டுக் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

மீன் உரசுவதற்கென்றே ஒரு சட்டி இருக்கிறது. உள்பக்கம் சொரசொரப்பான மண்சட்டி, விளிம்பு உடைந்தது, வேறு எதற்கும் ஆகாது. அதில் ஒரு பிடி கல்லுப்பும் மஞ்சள்தூளும் போட்டு, மீனைப் போட்டு, உள்ளங்கையால் வட்டமாக அரக்கினார். சட்டியும் உப்பும் சேர்ந்து கொழகொழப்பை எடுக்கும். தண்ணீர் ஊற்றிக் கொட்டினார். மறுபடி உப்பு, மறுபடி உரசல். நான்காவது தண்ணீர் தெளிவாக இருந்தது, ஐந்தாவதும் ஊற்றினார். கழுவின தண்ணீர் முழுக்கக் கறிவேப்பிலைச் செடியடிக்குப் போனது. அந்தச் செடி இப்போது கூரை உயரத்துக்கு நிற்கிறது.

அதற்குள் ஐந்தரை ஆகிவிட்டது. மீனை மூடி வைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவி முகர்ந்து பார்த்துவிட்டு, அக்கா என்னைத் தாண்டி மேலே ஏறினார். பின்னாலேயே பேத்தி, இரண்டு இரண்டு படியாகத் தாவிக்கொண்டு. எட்டு வயது, பள்ளிக்கூடம் லீவு. அவளுடைய அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைவிட்டு வர எட்டரை ஆகும். என் அறைக்கு முன்னால்தான் மொட்டைமாடி என்பதால் நானும் எழுந்து போய் வாசற்படியில் நின்றுகொண்டேன்.

மாடியில் பழைய நூல்சேலை ஒன்று விரிந்திருந்தது. நாலு மூலைக்கும் நாலு செங்கல். அதன்மேல் காப்பிக்கொட்டை நிறத்தில், உதிரியாக, பிசுக்கென்று பளபளத்துக்கொண்டு வடகம்.

தெற்குச் சீமைக்காரர்களுக்கு வடகம் என்றால் எண்ணெயில் பொரித்துச் சோற்றுக்குக் கடித்துக்கொள்வது. இது வேறு. இது தாளிக்கிற வடகம். புதுச்சேரி, கடலூர், விழுப்புரம், அந்தப் பக்கம் தஞ்சாவூர் வரைக்கும் கோடை வந்தால் மாடிமாடியாகக் காயும். இந்த வீட்டில் வடவம் என்பார்கள். அக்காவின் கணக்கு ஐந்து கிலோ சின்ன வெங்காயத்துக்கு. பெரம்பலூர்ப் பக்கத்து வெங்காயம், தோலோடு ஒன்றிரண்டாக இடித்தது. முக்கால் கிலோ பூண்டு, அதுவும் தோலோடு. அரைக் கிலோ உடைத்த கறுப்பு உளுந்து, கால் கிலோ கடுகு, கால் கிலோ சீரகம், நூறு கிராம் வெந்தயம், மஞ்சள்தூள், கல்லுப்பு, இரண்டு கை கறிவேப்பிலை. எல்லாவற்றையும் பிசைந்து ஒரு ராத்திரி பானையில் மூடி வைக்க வேண்டும். மறுநாள் வெயிலில் பரப்ப வேண்டும். சாயங்காலம் வாரி, விளக்கெண்ணெய் தொட்ட கையால் உருண்டை பிடித்துத் திரும்பவும் பானையில் போட்டு மூட வேண்டும். காலையில் உருண்டையை உடைத்துப் பரப்ப வேண்டும். பகலெல்லாம் காய்ந்து, இரவெல்லாம் உள்ளுக்குள் புழுங்கி, வெங்காயம் தன் பச்சை வாசனையை விட்டுவிட்டு வேறு ஒன்றாக மாறுகிறது. ஏழு நாளாகலாம், பத்து நாளாகலாம். அக்கா நாளாக எண்ணுவதில்லை, வெயிலாக எண்ணுவார். மேகம் மூடிய நாள் கணக்கில் சேராது.

இன்றைக்கு ஐந்தாம் வெயில்.

பேத்தி விளக்கெண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். அக்கா ஒரு கை அள்ளி, உள்ளங்கையில் அழுத்தி, மறு கையால் மூடி உருட்டினார். எலுமிச்சை அளவு உருண்டை. மூக்கருகே கொண்டுபோனார். இன்னும் ஈரம் இருக்கிறது என்று முகத்தில் தெரிந்தது. உருண்டை ஒவ்வொன்றையும் பேத்தி வாய்விட்டு எண்ணினாள். முப்பத்தெட்டு வந்தது. நேற்று நாற்பத்தொன்று. குறைவது நல்லது; காய்கிறது என்று அர்த்தம்.

கீழே இறங்கியதும் அடுப்படி விளக்கு எரிந்தது.

எலுமிச்சை அளவு பழம்புளி வெந்நீரில் ஊறிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் உரித்த சின்ன வெங்காயம் ஒரு கிண்ணம், பூண்டு பத்துப் பல், இரண்டு தக்காளி, ஒரு பச்சை மாங்காய். அக்கா புளியைக் கரைத்து, கோதை வடித்து, அதிலேயே வீட்டு மிளகாய்த்தூளைக் கொட்டிக் கரைத்தார். மிளகாய், மல்லி, கொஞ்சம் மிளகு, வெந்தயம், விரலி மஞ்சள் எல்லாம் வறுத்து மாவுமில்லில் அரைத்த தூள். கரைத்ததில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். ஒரு சிட்டிகை உப்பு. மறுபடி விரல். போதும்.

பிறகு அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். நீல நிறத்தில் பிரெஞ்சு எழுத்துப் போட்ட பிஸ்கட் டப்பா. மகள் பாரிஸிலிருந்து முதல் தடவை வந்தபோது கொண்டுவந்தது. பிஸ்கட் ஒரே வாரத்தில் தீர்ந்தது. டப்பா பன்னிரண்டு வருடமாக வடகத்துக்கு என்று ஆகிவிட்டது. மூடியைத் திறந்து விளக்குப் பக்கம் சாய்த்தார். அடியில் ஒரே ஓர் உருண்டை. போன வருடத்து வடகத்தில் கடைசி. ஒரு வருடம் கிடந்ததில் கன்னங்கரேல் என்று ஆகி, கல் மாதிரி இறுகியிருந்தது. பழசானால்தான் அதற்கு வாசனை.

அந்த டப்பாவின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. மகளுக்கு வாய்த்த மாப்பிள்ளை பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். அவருடைய தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்து இந்தோசீனா வரை போய்வந்தவர். 1954 நவம்பர் 1இல் புதுச்சேரியின் ஆட்சி பிரான்சிடமிருந்து கைமாறினாலும், சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்ட் 16இல்தான். இங்கே பிறந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று உடன்படிக்கை சொன்னது. எழுதிக் கொடுத்தவர்களில் அந்தத் தாத்தாவும் ஒருவர். அந்த ஒரு கையெழுத்தில்தான் பேரன் இன்றைக்குப் பாரிஸுக்கு வடக்கே சார்செல்லில் குடியிருக்கிறார்; இந்த வீட்டுப் பெண்ணும் அங்கே இருக்கிறாள். ஒவ்வொரு தடவை ஊருக்கு வந்து திரும்பும்போதும் பெட்டியில் துணிக்கு நடுவே வடகம் போகும், மூன்று பிளாஸ்டிக் பை சுற்றி.

ஒரு நாள் போனில் அவள் சொன்னது படிவரைக்கும் கேட்டது. அங்கே ஒரு கடையில் சின்னக் கண்ணாடிப் புட்டியில் வடகம் விற்கிறார்களாம். பொடியாக்கி வைத்திருக்கிறார்களாம். பெயர் வடுவான்.

வடவம்தான் பிரெஞ்சு வாயில் வடுவான் ஆனது. புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர் வீடுகளிலும், கிரியோல் குடும்பங்களிலும் சமையலறைக்குள் போன நம் பொருள் அது. மார்சேய் மீனவர்களின் புய்யாபேஸ் என்ற மீன் சூப்பு இந்த ஊருக்கு வந்து, நம் மீனும் நம் மசாலாவும் சேர்ந்து மீன் புய்யாபேஸ் ஆகியது ஒரு வழி. வடவம் கப்பலேறி வடுவான் ஆனது எதிர்வழி. இன்று பாரிஸிலும் நியூயார்க்கிலும் பெரிய சமையல்காரர்கள் அதை வெண்ணெயில் போட்டு மீன்மேல் ஊற்றுகிறார்கள்.

அக்கா அதையெல்லாம் கேட்டுக்கொள்ளவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “வெளக்கெண்ணெ போட்டிருக்காங்களா?”

புட்டியில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து மகள் இல்லை என்றாள்.

“அப்ப எப்படிம்மா வருசம் முச்சூடும் நிக்கும்?”

அந்தக் கேள்வி என் மனத்தில் அப்படியே நிற்கிறது. புட்டியில் இருப்பது நல்ல பொருளாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு வருடம் நிற்க வேண்டும் என்ற கவலையில் பிறந்த பண்டம் இது. வெங்காயம் மலிந்த மாதத்தில் வாங்கி, வெயில் மலிந்த மாதத்தில் காய வைத்து, மழை மாதத்துக்கும் மீன் குறைந்த மாதத்துக்கும் எடுத்து வைப்பது. அந்தக் கவலைதான் அதன் ருசி என்று எனக்குத் தோன்றுகிறது.

மண்சட்டி அடுப்பில் ஏறியது. நல்லெண்ணெய் மூன்று குழிக்கரண்டி. சட்டி சூடேற நேரமாகும், அக்கா அவசரப்படவில்லை. உருண்டையைக் கையில் வைத்துக் கட்டைவிரலால் நெரித்தார். உடையவில்லை. அம்மியின் ஓரத்தில் வைத்துக் குழவியால் ஒரு தட்டு. உருண்டை நாலாகப் பிளந்து, உளுந்தும் கடுகும் தெரிய உதிர்ந்தது. ஒரு பொடி விடாமல் வழித்து எடுத்தார். எண்ணெய்க்கு மேலே உள்ளங்கையைக் காட்டினார், இரண்டு நொடி. போட்டார்.

முதலில் ஒன்றுமில்லை, பொடி எண்ணெயின் அடியில் போய் உட்கார்ந்தது. பிறகு ஒவ்வொரு துணுக்கையும் சுற்றி நுரை கட்டியது. வெங்காயச் சருகு விரிந்தது, ஒரு வருடம் சுருண்டு கிடந்த கறிவேப்பிலை விரிந்தது. கடுகு ஒன்று வெடித்தது, அப்புறம் பத்து, அப்புறம் எண்ண முடியவில்லை. உளுந்து பொன்னிறமாகி, செம்மையாகி, அதற்குள் வெந்தயம் கறுக்கப் பார்த்தது. அந்த இடத்தில்தான் கை வேண்டும். ஒரு நொடி முந்தினால் பச்சை, ஒரு நொடி பிந்தினால் கசப்பு. அக்கா சட்டியைப் பார்க்கவில்லை. முகத்தைக் கொஞ்சம் திருப்பி மூக்கால் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டென்று வெங்காயக் கிண்ணத்தைச் சட்டிக்குள் கவிழ்த்தார். சர்ரென்று அடங்கியது.

அரை நிமிடம்கூட இராது, அவ்வளவும்.

வாசனை தாழ்வாரத்தைத் தாண்டிப் படியேறி என்னிடம் வந்து, திண்ணைக்குப் போய்ச் சேர்ந்தது. திண்ணையில் உட்கார்ந்து தினத்தந்தி படித்துக்கொண்டிருந்த மாமா பேப்பரை மடித்தார்.

அவருக்குக் காது கேட்காது. முழுச் செவிடு இல்லை. இரைந்து சொன்னால் கொஞ்சம் விழும், ஆனால் இந்த வீட்டில் யாரும் அவரிடம் இரைவதில்லை. ரோடியர் மில்லில் தறிப்பகுதியில் இருபத்தெட்டு வருடம். ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் என்று பலகையில் இருக்கும், ஊர் வாயில் ரோடியர் மில்தான். 1898இல் தொடங்கிய ஆலை. நூற்றுக்கணக்கில் தறி ஓடும் கூடத்தில் பக்கத்து ஆளோடு பேச வாய் உதவாது, கைதான் உதவும். காது போனது அங்கே. கைப்பேச்சு வந்ததும் அங்கே. அதை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அக்கா கற்றுக்கொண்டார், பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள், இப்போது பேத்தியும் பேசுகிறாள். இரண்டு விரலை வளைத்தால் தண்ணீர். உள்ளங்கையைக் கவிழ்த்தால் போதும். கட்டைவிரலால் தோளுக்குப் பின்னால் காட்டினால் மில். 2020இல் மில்லை மூடிவிட்டார்கள். அந்தச் சைகை மட்டும் இருக்கிறது.

இந்த ஊரில் மில்காரர் வீட்டில் விளக்கு வைத்த நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது என்பதே சும்மா வந்ததில்லை. 1936 ஜூலை 30இல் ஆலைத் தொழிலாளர்கள்மேல் பிரெஞ்சு அரசின் படை சுட்டு 12 பேர் செத்தார்கள். எட்டு மணி நேர வேலை அந்தப் போராட்டத்தில் கிடைத்தது. அதற்கு முன்னால் இருட்டோடு போய் இருட்டோடு வந்த காலம். மாமாவுக்குச் சாப்பாட்டு நேரம் தவறக் கூடாது என்பதை மற்றவர்கள் பிடிவாதம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

முன்பெல்லாம் அவருக்கு நேரம் சொன்னது மில் சங்கு. இப்போது சொல்வது வடகம்.

அடுப்படியில் வெங்காயமும் பூண்டும் வதங்கி, தக்காளி கரைந்து, புளிக்கரைசல் விழுந்தாயிற்று. இனி ஒரு மணிநேரத்தில் பாதி சும்மா இருக்க வேண்டிய நேரம். தீயைக் குறைத்துவிட்டு அக்கா அடுப்புத் திண்டில் சாய்ந்து நின்றார். குழம்பு முதலில் சளசளவென்று கொதித்தது. நேரமாக ஆகச் சத்தம் கனத்து, தொப்தொப்பென்று குமிழ் வெடித்து, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து சிவப்பு வளையம் கட்டியது. பச்சை மிளகாய்த்தூள் வாசனை போய்விட்டது. மாங்காய்த் துண்டுகள் உள்ளே விழுந்தன.

பிறகு மீன்.

புளிக்குள் போனதும் மீன் வாடை அடங்கிவிடும். அந்த வாடைக்குக் காரணமான பொருளைப் புளிப்பு கட்டிப்போடுகிறது என்பது இரசாயனம். மீன் குழம்புக்குப் புளி கூட்டு என்பது அக்காவின் மாமியார் சொல். இரண்டும் ஒன்றுதான். அக்கா ஒவ்வொரு மீனாக எடுத்து, தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம் பார்க்க, விளிம்பையொட்டி வட்டமாகப் படுக்க வைத்தார். பன்னிரண்டும் படுத்துவிட்டன. கரண்டியை எடுத்துத் தொலைவில், எட்டாத இடத்தில் வைத்தார். நான் பார்க்கக் காத்திருந்தது இதைத்தான்.

ஆட்டுக்கறி மாதிரி இல்லை மீன். அதன் தசை குட்டைக் குட்டை அடுக்கு, அடுக்கைக் கட்டிவைத்திருக்கும் சவ்வோ மெல்லிசு, சூடு பட்டதும் இளகிவிடும். அதிலும் கிழங்கா பஞ்சு. வெந்த பிறகு கரண்டி பட்டால் முள் தனி, சதை தனி. அக்கா புடவைத் தலைப்பை இரண்டாக மடித்து, சட்டியின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து, அடுப்பைவிட்டு ஒரு விரற்கடை தூக்கி, ஒரு சுழற்றுச் சுழற்றினார். குழம்பு மட்டும் சுழன்று மீன்மேல் ஏறி இறங்கியது. மீன் படுத்தது படுத்தபடி இருந்தது. கைக்குழந்தையைத் தொட்டிலில் திருப்பிவிடும்போது கை இப்படித்தான் போகும். இறக்கி வைத்தார். இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு சுழற்று. ஆறாவது நிமிடம் மீனின் கண் வெள்ளை முத்தாக வெளியே வந்தது. அடுப்பை அணைத்தார். கொல்லைச் செடியின் கறிவேப்பிலை ஒரு கொத்து, பச்சை நல்லெண்ணெய் ஒரு கரண்டி, மேலே ஒரு தட்டு.

உடனே போட்டுவிட மாட்டார்கள். புளியும் உப்பும் மீனுக்குள் இறங்க அரை மணியாவது வேண்டும். பேத்திக்குத் தெரியும், ஆனாலும் தட்டைத் தூக்கிப் பார்த்தாள். அக்கா உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார். தட்டு மூடியது.

ஏழே முக்காலுக்கு மாமா உள்ளே வந்து தாழ்வாரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். யாரும் கூப்பிடவில்லை. பக்கத்தில் பேத்தி. புழுங்கலரிசிச் சோறு, குழம்பு, ஆளுக்கு இரண்டு மீன். வேறு ஒன்றுமில்லை, அப்பளம்கூட இல்லை. மாமா குழம்பை மட்டும் சோற்றில் விட்டுப் பிசைந்து முதல் உருண்டையை வாயில் போட்டார். மென்றார். தலையைத் தூக்கி அடுப்படிப் பக்கம் பார்த்தார். அக்காவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மாமா கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் கொஞ்சமாக உருட்டிக் காட்டினார், உருண்டை பிடிப்பதுபோல. பழைய வடகமா என்று கேட்கிறார். அக்கா ஒரு விரலைக் காட்டி, பிறகு கையை விரித்தார். கடைசி ஒன்று, தீர்ந்துபோயிற்று.

அவர் அதற்குப் பிறகு மெதுவாகச் சாப்பிட்டார்.

மீனை அவர் எடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். செவுளுக்குப் பின்னால் கட்டைவிரல் நகத்தை வைத்து முதுகோரமாக வால்வரை ஒரு கோடு. மேல்பக்கச் சதை முழுசாகக் கழன்று திறந்தது. நடுமுள்ளின் வால்நுனியைப் பிடித்துத் தூக்கினார். சீப்பு மாதிரி முழு முள்ளும் தலையோடு சேர்ந்து மேலே வந்தது. ஓரத்துச் சிறுமுள்ளை விரல்நுனியால் தடவித் தடவி எடுத்தார். தறியில் அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்ட விரல்கள். வெள்ளைச் சதையைப் பேத்தியின் தட்டில் வைத்தார். அவளுக்குப் போட்ட இரண்டையும் அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் தன் மீனைத் தொட்டார். தலைகள் அவருக்கு.

எனக்குக் கீழே மூன்றாவது படியில் ஒரு கிண்ணம் வந்து உட்கார்ந்திருந்தது, தட்டுப் போட்டு மூடி. எப்போது வைத்தார் என்று நான் பார்க்கவில்லை. எடுத்துக்கொண்டேன். கிண்ணத்தில் ஒரு மீன், இரண்டு மாங்காய்த் துண்டு. முதலில் புளிப்பு, பிறகு காரம், தொண்டைக்குக் கீழே இறங்கிய பிறகு வடகம். வெங்காயம்போலவும் இல்லை, பூண்டுபோலவும் இல்லை. வெயில் காய்ந்த மாடித்தரையில் தண்ணீர் தெளித்தால் ஒரு வாசனை எழுமே, அதற்குப் பக்கத்தில் எங்கோ.

எட்டு மணிக்கு போன் அடித்தது. சார்செல்லில் மாலை நாலரை. மகள் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்திருப்பாள். பேத்தி ஓடிப்போய் எடுத்து, தாத்தாவுக்குத் தெரிகிற மாதிரி தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தாள். திரையில் மகளின் முகம். அவள் அப்பாவிடம் பேசவில்லை. சாப்பிட்டாயிற்றா என்று கையால் கேட்டாள். அவர் தட்டைச் சாய்த்துக் காட்டினார், முள் மட்டும். அவள் மூக்கைச் சுருக்கி, இங்கேவரை வாசனை வருகிறது என்பதுபோல் சிரித்தாள். பிறகு அக்கா திரைக்குள் வந்ததும்தான் குரல் கேட்டது.

“அம்மா, எனக்கும் ஒரே ஒரு உருண்டதான் இருக்கு. ஜூலைல வரேன். இந்த வருசம் நிறைய போடு. மாடியில காயுதா? எத்தினியாவது வெயில்?”

அக்கா வாய் திறக்குமுன், குழம்புக் கறை படிந்த வலது கையை மாமா திரைக்கு முன்னால் தூக்கினார். ஐந்து விரலும் விரிந்திருந்தன.